சங்கிலி குடித்தது சாயத்தண்ணி

சங்கிலி என் கூடப் பிறந்தவன் இல்லை. ஆனால் சிலோன் மஸ்கெலியாத் தோட்டத்தில், லயத்து வரிசையில் எனக்கு அடுத்த வீடு அவனுடையது. கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோதும் அடுத்த வீடே அவனுக்கு வாய்த்தது. கடல் தாண்டியும் விடாத பக்கத்து வீட்டுக்காரனைத் தம்பி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் வெட்டிப்போன சரிவு பாய் விரித்த மாதிரி மட்டமாக இருக்கும். வாய்தான் மட்டமாக நிற்காது. நியாயம் தப்பினால் தோட்டத்துத் தொரை என்றும் பார்க்கமாட்டான், வேலை வாங்குகிற கண்டக்டர் என்றும் பார்க்கமாட்டான். "இந்த மனுசன் கத்திய வீட்டுல வச்சிட்டுப் போனாலும் நாக்க வச்சிட்டுப் போக மாட்டேங்குது" என்பாள் அவன் பெண்டாட்டி இசக்கியம்மா.

எழுபத்தொன்பதாம் வருசம், தை மாதம். காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற இடத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்தான் என்று கண்டக்டர் லெஸ்லி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஏழை வயித்துல அடிக்கிறீங்க. எல்லாம் ஒரு நாள் எரியும்ங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான் சங்கிலி. வயிற்றெரிச்சலில் யாரும் சொல்கிற பேச்சு. கேட்டவர்கள் நாற்பது பேர். அன்றைக்கென்று உர ஸ்டோர் எரிந்தது.

எரிந்தபோது அவன் எங்கே இருந்தான் என்பது எனக்குத் தெரியும். கால் சுளுக்கி நான் வீட்டில் கிடந்தேன். சங்கிலி வந்து விறகு பிளந்து போட்டான். பால் ஏது? தேயிலைத் தூளைக் கொதிக்கவிட்டு, ஒரு துண்டு கருப்பட்டியோடு கொடுத்தேன். டம்ளர் அவன் கையில் இருக்கும்போதே ஃபேக்டரிச் சங்கு, தீப்பிடித்தால் ஊதுகிற மாதிரி விட்டுவிட்டு ஊதியது. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினான். ஸ்டோரில் முதல் வாளித் தண்ணீரை ஊற்றியவன் அவன். சாயங்காலம் போலீஸ் ஜீப் ஏற்றிப்போனதும் அவனைத்தான்.

தீ எப்படிப் பிடித்தது என்று யாரும் தேடவில்லை. ஆளைத் தேடினார்கள். சிலோன்காரன் ஒருவன் கையில் கிடைத்ததும் தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் இசக்கியம்மா தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஸ்டேஷனுக்குப் போனேன். சங்கிலி முகம் வீங்கிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஏட்டையா என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"நீதான் மூக்கம்மாவா? எத்தன நாளாக் காச்சற?"

"என்னாத்தங்க?"

"சாராயம். உன்ற ஊட்டுல சாராயத்தண்ணி குடிச்சதா இவனே சொல்லிட்டான்."

"ஐயோ, சாயத்தண்ணின்னு சொல்லியிருப்பான்ங்க! பாலு ஊத்தாத தேத்தண்ணி."

"டீயை டீன்னு சொல்லத் தெரியாதா? உங்க ஆளுகளுக்குச் சாயமென்ன, சாராயமென்ன. எல்லாம் ஒண்ணுதான்."

ஒரே ஒரு 'ரா' நடுவில் புகுந்துவிட்டது. அப்போது மதுவிலக்கு. அந்த ஒரு எழுத்தில் சங்கிலி குடிகாரன் ஆனான், நான் சாராயக்காரி ஆனேன். சாராயக்காரி சாட்சி எந்தக் கோர்ட்டில் எடுபடும்?

ஏட்டையா ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "இதுல ஒரு கைநாட்டு வெச்சுட்டுப் போயிரு. உன்ற மேல கேசு வராமப் பாத்துக்கறேன்."

"படிச்சுக் காட்டுங்க."

"உனக்கு எழுத்துத் தெரியுமாக்கும்?"

"தெரியாததாலதான் படிக்கச் சொல்றேன்."

இப்போது நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பேத்தியையும் பக்கத்துக்குப் பக்கம் திரும்பப் படிக்கவைக்கிறேனே, அந்தப் பழக்கம் அங்கே வந்ததுதான்.

ஏட்டையா படித்தார். குடித்தான், கோபமாக எழுந்து போனான், அப்புறம் தீப்பிடித்தது என்று இருந்தது.

"சங்கு ஊதினப்பொறவுதான் போனான்னு எழுதுங்க. வைக்கிறேன்."

என் கையைப் பிடித்து மைப்பெட்டிக்கு இழுத்தார். விரல்களை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு வயசிலிருந்து கொழுந்து கிள்ளிய கை அது. அவர் இழுத்துப் பார்த்தார், இன்னொரு போலீஸும் இழுத்துப் பார்த்தார். பெருவிரல் வெளியே வரவில்லை. கைநாட்டு விழாததால் என் மேலும் கேசு எழுதி, நான் நெல் அவிக்கிற பானையைச் சாட்சிப் பொருளென்று தூக்கிப்போனார்கள்.

சங்கிலி எட்டு மாதம் கோயமுத்தூர் ஜெயிலில் கிடந்தான். ஊட்டிக் கோர்ட்டில் விசாரணை வந்தபோது, சர்ச் மூலமாகக் கிடைத்த வக்கீல் சில்வஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: "டீன்னே சொல்லுங்கம்மா. அந்த வார்த்தை மட்டும் வேண்டாமுங்க."

நல்ல மனுசர். ஆனால் கூண்டில் ஏறியதும் சர்க்கார் வக்கீல், "உன் வீட்டில் இந்த ஆள் என்ன குடித்தான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு டீ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சாயத்தண்ணி" என்றேன்.

"சாராயத்தண்ணி?"

"சாராயத்த எவனாச்சும் தண்ணி சேத்துச் சொல்வானாங்க? சாராயம்னா சாராயம்தான்." ஜட்ஜய்யா பக்கம் திரும்பினேன். "சாமி, வராந்தாவுல எங்க சனம் நிக்குது. ஒருத்தரக் கூப்பிட்டு, பாலு இல்லாட்டி வந்தவங்களுக்கு என்னா குடுப்பீங்கன்னு கேளுங்க. நான் வாயத் திறக்கல."

சர்க்கார் வக்கீல் எழுந்தார். ஜட்ஜய்யா அவரைக் கையமர்த்திவிட்டு டவாலியை அனுப்பினார். வந்தவர் எங்கள் சனத்தில் ஒருவரான ஒச்சப்பன் கிழவர். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றார்.

"பெரியவரே, வீட்டுக்கு ஒருத்தர் வர்றார். பால் இல்லை. என்ன குடுப்பீங்க?"

"சாயத்தண்ணிதாங்க சாமி. ஒங்களுக்கு வேணுங்களா?"

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜய்யாவும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஏட்டையாவைக் கேட்டார்: குடித்திருந்தான் என்கிறீர்களே, டாக்டரிடம் காட்டினீர்களா? இல்லை. ஸ்டோரில் கரண்ட் வயரைப் பார்த்தீர்களா? இல்லை. அவன் தீ வைத்ததைக் கண்டவர் உண்டா? இல்லை.

இரண்டு வாரத்தில் விடுதலை. என் மேல் போட்ட கேசும் தள்ளுபடியானது. பானைதான் இன்றுவரை வரவில்லை. எட்டு மாதமும் வரவில்லை.

விடுதலையான அன்று ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை. பெஞ்சில் இரண்டு போலீஸ்காரர்கள் பன் தின்றுகொண்டிருந்தார்கள். சில்வஸ்டர் வக்கீல் சங்கிலி காதில் மெல்ல, "பால் இல்லாத டீயை இனிமே 'வர டீ'ன்னு சொல்லிப் பழகிக்கங்க, வம்பில்லை" என்றார்.

சங்கிலி நேரே போய் நின்றான்.

"எனக்கு ஒரு சாயத்தண்ணி!"

"அதென்னுங்க? வர டீங்களா?" என்றார் கடைக்காரர்.

"நீங்க என்னா பேரு வச்சு வேணாலும் ஊத்துங்க அண்ணே. நான் குடிக்கிறது சாயத்தண்ணி."

போலீஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தபடியே டம்ளரை வாங்கி, கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தான்.