கழுத்துக்குக் கீழே வெல்கோ

வெல்கோ மிர்ச்செவ் எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தது 1976-இல். எனக்கும் அவனுக்கும் பதினான்கு வயது. ரொடோப்பி மலையடிவாரத்தில் இருந்த அந்த விளையாட்டுப் பள்ளியின் பளுதூக்கும் பிரிவுக்கு அந்த வருடம் நாற்பது பேர் வந்திருந்தோம். ஒன்பது பேரை எடுத்துக்கொண்டார்கள். மற்ற எட்டுப் பேரையும் வழியனுப்ப வீட்டிலிருந்து யாராவது வந்திருந்தார்கள். வெல்கோ பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினான். அவன் அம்மா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு கடலோரம் வர்னா பக்கம் போய்விட்டாள். புது வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். அவ்வளவுதான்.

எங்கள் மாஸ்டர் பனோவ் முதல் ஐந்து மாதம் யாரையும் இரும்பைத் தொடவிடவில்லை. கையில் ஒரு மரக்கம்பு, அவ்வளவே. ஸ்நாட்ச் என்பது தரையிலிருந்து தலைக்கு மேலே ஒரே வீச்சு. பார்க்கிறவர்கள் கையால் தூக்குவதாக நினைப்பார்கள். உண்மையில் தூக்குவது காலும் முதுகும்தான். எடைத் தட்டுகள் மாட்டிய இரும்புத் தண்டு தொடையின் மேல்பகுதிக்கு வரும்வரை கை சும்மா கயிறு மாதிரித் தொங்கவேண்டும். வந்ததும் உடம்பை முழுக்க நிமிர்த்தி எம்ப வேண்டும். தண்டு எடையில்லாமல் மிதக்கிற அந்தக் கண நேரத்தில் நாம் அதன் அடியில் போய்க் குந்திவிட வேண்டும். மேலே போகிற இரும்புக்குக் கீழே இறங்கிப் போக யாருக்கு மனசு வரும்? அதற்குத்தான் வருடக்கணக்கான பயிற்சி.

நாங்கள் மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் கம்பைப் போட்டுவிட்டு இரும்பைத் தூக்கிப் பார்ப்போம். வெல்கோ மாட்டான்.

சனிக்கிழமை மதியம் வெல்கோ தவிர எல்லோரும் ஊருக்குப் போய்விடுவோம். ஒருமுறை பனியில் பஸ் நின்றுபோனதால் நான் விடுதியிலேயே தங்கிவிட்டேன். ஞாயிறு காலை பயிற்சிக் கூடத்தில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் வெல்கோ தனியாக நிற்கிறான். கம்பு முழுக்க வெள்ளைப் பொடி பூசியிருந்தான். ஒரு ஸ்நாட்ச் போடுவான், குனிந்து தன் கறுப்புக் கால்சட்டையில் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பான், தட்டிவிடுவான், மறுபடி போடுவான்.

"என்னடா பண்றே?"

"இங்க பாரு இலியா. நேத்து இந்த இடத்துல பட்டுச்சு. இன்னிக்கு ரெண்டு விரல் கீழ பட்டிருக்கு. அவசரப்பட்டிருக்கேன்."

"யாருமே இல்லாதப்போ உனக்கு என்னடா அவசரம்?"

அவன் மறுபடி கம்பில் பொடி பூசினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் யாரோடும் பேசியிருக்கமாட்டான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பதினேழு வயதில் அவன் ஸ்நாட்ச்சைப் பார்க்க வேறு ஊர்களிலிருந்து பயிற்சியாளர்கள் வந்தார்கள். இரும்பு அவன் உடம்பை உரசிக்கொண்டே ஏறும். இரண்டு பாதமும் பலகையில் விழும்போது ஒரே சத்தம். ஆனால் நூற்றிருபது கிலோவுக்கு மேல் பலம் வரவில்லை. மாஸ்டர் என்னென்னவோ செய்து பார்த்தார். எலும்பு அவ்வளவுதான். வெல்கோ இருந்த எழுபத்தைந்து கிலோ எடைப் பிரிவிலேயே ரூசி தகோவும் இருந்தான். எருமை பலம், அவசரக் கை. தண்டு முழங்காலைத் தாண்டுவதற்குள் கையை மடக்கி இழுத்துவிடுவான்.

"வெல்கோ, நீ இவன் பக்கத்துல நில்லு" என்றார் மாஸ்டர். "இவன் கையை எப்ப மடக்கறான்னு பார்த்துச் சொல்லு."

இரண்டு வருடம் வெல்கோ நின்றான். ரூசி இழுக்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில், "பொறு... பொறு... இப்போ!" என்பான்.

"டேய், நீ சொல்றது எங்க பாட்டி கோழியை அடைக்கிற மாதிரி இருக்கு" என்று ரூசி சிரிப்பான். ஆனால் பொறுக்கக் கற்றுக்கொண்டான். நூற்று நாற்பத்தைந்து, பிறகு நூற்றைம்பது. நாட்டின் சாம்பியன் ஆனான். வெளிநாட்டுப் போட்டிக்குப் போனவர்களின் பெட்டிகளை ரயில்வே ஸ்டேஷன்வரை தூக்கிக்கொண்டு வந்தவன் வெல்கோ.

1981-இல் தலைநகரிலிருந்து படமெடுக்க ஆட்கள் வந்தார்கள். எல்லாப் பள்ளிகளிலும் காட்டுவதற்கான பயிற்சிப் படம். மூன்று நாள் வெல்கோவை ஸ்நாட்ச் போடவைத்தார்கள். பக்கவாட்டில், முன்னால், பின்னால். மூன்று நாளும் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அம்மாவுக்குக் கடிதம் எழுதி, அஞ்சல் தலை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தான். நான்காம் நாள் ரூசியை அழைத்து, நெற்றியில் தண்ணீர் தெளித்து, முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வசந்த காலத்தில் பள்ளி அரங்கில் படத்தைப் போட்டார்கள். திரையில் வெல்கோவின் தொடை, முழங்கால், கை. பிறகு ரூசியின் முகம். மறுபடி வெல்கோவின் முதுகு. அடுத்தது ரூசியின் புன்னகை. 'நமது சாம்பியன் ரூசி தகோவ் செய்து காட்டுகிறார்' என்றது பின்னணிக் குரல்.

முதலில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு அரங்கமே சிரித்தது. "கழுத்துக்குக் கீழ வெல்கோடா!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினான் ஒருவன். நானும் சிரித்தேன். பின்னாலிருந்து வெல்கோவின் சிரிப்பும் கேட்டது. விளக்கு வந்தபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது.

மாஸ்டர் விடுதிக்கு வந்தார். "எங்கிட்ட கேக்கலடா அவங்க. கேட்டிருந்தாலும்... சாம்பியன் முகம்தான் வேணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்களாம்."

"பரவால்ல மாஸ்டர். கால் நல்லா வந்திருக்கு."

அடுத்த கோடையில் அவன் பள்ளியை விட்டுப் போனான். வடக்கே ஒரு ரயில் சந்திப்பில் சரக்குப் பெட்டிகளை இணைக்கிற வேலை. ஸ்தாங்கா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். நான்கு வருடம் கழித்து அவள் போய்விட்டாள். பல வருடம் கழித்து ஒரு சந்தையில் அவளைப் பார்த்தபோது என்னிடம் சொன்னாள்: "நல்ல மனுஷன்தான் அண்ணே. அடிக்கல, குடிக்கல. ஆனா வீட்டுக்குள்ளயே இருக்கிற ஆளை எவ்வளவு நாள் தேடிக்கிட்டே இருக்கிறது?"

ஆட்சி மாறி, பள்ளி மூடப்பட்டு, எடைகளெல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போனபோது வெல்கோ வந்து ஒரு தண்டும் சில தட்டுகளும் வாங்கிப் போனான். தன் கொட்டகையில் பலகை அடித்தான். வாரம் நான்கு நாள், முப்பது வருடம், பார்க்க ஒருவர்கூட இல்லாமல் தூக்கினான். அது எனக்கு 2022-இல்தான் தெரிந்தது. மூத்தோர் போட்டிப் பட்டியலில் அறுபது வயதுப் பிரிவில் அவன் பெயரைப் பார்த்துத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"வண்டியில வந்து கூட்டிட்டுப் போறேன்."

"பஸ் இருக்கே" என்றான். அப்புறம், "சரி, வா."

ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில் போட்டி. பார்வையாளர் முப்பது பேர் இருந்தால் அதிகம். வெல்கோ அறுபத்திரண்டு கிலோ தூக்கினான். அதற்குமுன் நாற்பது பேர் தூக்கியதைப் பேசிக்கொண்டே பார்த்த கூட்டம் திடீரென்று அமைதியானது. எடை ஒன்றுமில்லை. ஆனால் அது ஏறிய விதம் அப்படி.

பதக்கம் கொடுக்க வந்திருந்தவன் ரூசி. பருத்து, இடுப்பு வீணாகி, கைத்தடியோடு. வெல்கோவைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அந்த நேரம் பார்த்து, நாற்பது வயதிருக்கும் ஒரு பயிற்சியாளர் குறுக்கே வந்தார்.

"சார், நாங்க எல்லாம் உங்க பழைய படத்தைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டோம். இன்னமும் பசங்களுக்குப் போட்டுக் காட்றேன். அந்த மாதிரி ஸ்நாட்ச் இனி யாரும் போடமுடியாது சார்."

ரூசி அவர் பக்கம் திரும்பினான். பிறகு கைத்தடியால் வெல்கோவைக் காட்டினான். "அது நான் இல்லப்பா. முகம் மட்டும்தான் என்னோடது. மத்ததெல்லாம் இவன்."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சார் எப்பவும் இப்படித்தான், தமாஷ்" என்றார் அந்தப் பயிற்சியாளர். ரூசி, "நிஜமாத்தான்ப்பா" என்று குரலை உயர்த்தினான். இன்னும் சிரித்தார்கள். வெல்கோ குனிந்து கழுத்தை நீட்டினான். ரூசி பதக்கத்தை மாட்டிவிட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். 

திரும்பும் வழியில் பீன்ஸ் சூப் சாப்பிட்டோம். நாற்பது வருடமாக மனசில் இருந்ததை நான் அப்போதுதான் கேட்டேன். "அன்னிக்கு நானும் சிரிச்சேன்டா. உனக்குத் தெரியுமா?"

"தெரியும். எனக்கு முன்வரிசையில உக்காந்திருந்தே."

ரொட்டியை உடைத்து என் பக்கம் பாதியைத் தள்ளினான். 

அவன் வீட்டுக்குள் அன்றுதான் முதல்முறையாகப் போனேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி. அடுப்புக்குப் பக்கத்தில், சுவரோரமாக, கம்பளி சுற்றிய நீளமான ஒன்று படுத்திருந்தது. என்னவென்று கேட்டேன்.

"தண்டு. கொட்டகையில விட்டா குளிர்ல கை ஒட்டிக்குது. அதான் பனி விழ ஆரம்பிச்சதிலிருந்து உள்ள கொண்டுவந்து வச்சிருக்கேன்."

எனக்கு உட்கார அந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, அவன் கட்டில் ஓரத்தில் அமர்ந்தான். அவன் போட்டுக் கொடுத்த காபி ஆறும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினேன்.