நாலே வளையல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது இன்றுவரை தெரியாது.

சித்தப்பா லவ்டேலுக்குக் கீழே ஒரு கேரட் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். அந்தச் சரிவில் ஓட்ட எல்லோராலும் முடியாது. அந்தத் திமிர் அவருக்கு உண்டு. இருக்கட்டுமே, அவருக்கு இருந்த ஒரே சொத்து அதுதான்.

கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் எண்ணெய்க்கு ஒரு பில்ட்டர் உண்டு. பால்பவுடர் டப்பா மாதிரி இருக்கும், வாயில் ஒரு ரப்பர் வளையம். பழைய பில்ட்டரைக் கழற்றும்போது வளையம் சிலசமயம் வண்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புதுசை மாட்டினால் எண்ணெய் பீய்ச்சியடிக்கும். அந்த இடுக்கு சித்தப்பாவின் கைக்கு எட்டும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் நான் அடியில் நுழைவேன். பழைய வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்த பிறகுதான் புது டப்பாவைப் பிரிப்பார். அப்புறம் அந்த வளையத்தைத் துடைத்து என் கையில் வளையலாக மாட்டிவிடுவார். அப்படி நாலு சேர்த்திருந்தேன்.

அது பூக்காட்சி நடந்த வாரம். அம்மா ஊட்டி பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள். நான் புதுப் பாவாடையோடு வண்டிக்கடியில் கிடந்தேன். வளையம் பிசின்போல ஒட்டிக்கொண்டு வரவில்லை. நகம்தான் பிய்ந்தது. எண்ணெய் முழங்கைவரை ஒழுகியது.

“ஏ அம்முணி, உள்ள தூங்கீட்டயா? களட்டுனயா இல்லியா?”

“களட்டீட்டனுங் சித்தப்பா.”

கையில் கிடந்த ஒரு வளையலை உருவி அவரிடம் நீட்டினேன். “கெட்டிக்காரி” என்றார். துடைத்து என் கையிலேயே திரும்ப மாட்டினார். பஸ்ஸைப் பிடித்தோம். பூக்காட்சியில் என்ன பார்த்தேன் என்று ஒன்றுகூட நினைவில்லை.

மறுநாள் மேல்காட்டில் உழும்போது வண்டி சூடேறி, பில்ட்டர் வாயில் எண்ணெய் பீய்ச்சியது. கவனிப்பதற்குள் பாதிக் காடு எண்ணெய், பம்பும் போயிற்று. சத்தம் கேட்டு நானும் ஓடிப்போய் நின்றேன். முதலாளி முன்னால் சித்தப்பா பில்ட்டரைக் கழற்றினார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். அவர் மெதுவாகத் திரும்பி என் கையைப் பார்த்தார். ஐந்து இருக்க வேண்டும். நாலுதான் இருந்தன.

“ஏய்யா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? பழசு ஒட்டியிருக்கறது தெரியாம மாட்டுவியா?” என்று முதலாளி கத்தினார்.

“நாந்தானுங்க பாக்காம உட்டுப்போட்டேன்” என்றார் சித்தப்பா.

நான் வாயைத் திறக்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

அன்றே சாவியைப் பிடுங்கிக்கொண்டு, அவரை மண்வெட்டி வேலைக்கு அனுப்பினான் அந்த ஆள். பிறகு எந்தத் தோட்டத்திலும் அவரை நம்பி வண்டி கொடுக்கவில்லை. சித்தப்பா செத்தும் போய்விட்டார். கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரெண்டு அறை விட்டிருந்தால் உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பேன். ஏன் விடவில்லை என்று அவர்மேலேயே கோபம் வருகிறது. வெட்கங்கெட்ட கோபம்.

பூக்காட்சி முடிந்த அந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முன்பெல்லாம் நான் எழுவதற்குள் வண்டி எடுக்கப் போய்விடுவார். இப்போது மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வளைவுவரை என்னோடு நடந்து வந்தார்.

“இனி தெனமும் எங்கூட வருவீங்களா சித்தப்பா?”

“தெனமும்தான் அம்முணி.”

நான் சந்தோஷத்தில் குதித்தேன்.