பெரிய மிஸியின் மூன்று மேசைகள்

ஆஸ்பத்திரி மருந்தகத்தின் யன்னல் கம்பிகளுக்கு இடையால் ஒரு மாத்திரை உறை உள்ளே வந்தது. பகல் பன்னிரண்டு மணி கழிந்து, வெளிநோயாளர் கூட்டம் கலைந்து, நான் சோற்றுப் பார்சலை அவிழ்க்கத் தொடங்கியிருந்த நேரம். மருந்து மாறிப்போய் யாரோ திருப்பித் தருகிறார்கள் என்று நினைத்து உறையைக் கவிழ்த்தேன். மேசையில் உருண்டு நின்றவை மாத்திரைகள் அல்ல, மூன்று வெள்ளைப் பகடைக்காய்கள். வெளியே பெரிய மிஸி நின்றிருந்தார். "இத வச்சு ஒரு கால் வாங்க ஏலுமா எண்டு பாப்பம் புள்ள," என்றார், இரண்டு பனடோல் கேட்பவரைப்போல.

எங்கள் பக்கத்தில் தாதியரை மிஸி என்றுதான் அழைப்போம். பெண்கள் வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் என்பதால் அவர் பெரிய மிஸி. பாண்டிருப்புத் தமிழ்ப் பெண். நான் மருதமுனை முஸ்லிம். இரண்டு ஊருக்கும் இடையில் பஸ் ஏறினால் சீட்டு எடுத்து முடிவதற்குள் இறங்கவேண்டி வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். எதையும் கேட்காமல் விடமாட்டார். இந்த மாத்திரைக்கு ஏன் இரண்டு நிறம், இந்தப் பாணி மருந்தை ஏன் குலுக்கவேண்டும் என்று என்னையே திணறடிப்பார். ஒருமுறை நெசவுக்காரப் பெண் ஒருவர் வார்டில் படுத்திருந்தார். அத்தனை நூலில் அறுந்த நூல் எது என்று கைக்கு எப்படித் தெரிகிறது என்று அந்தக் கட்டில் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் காய்ச்சலை மறந்து, படுக்கை விரிப்பை இழுத்துப் பிடித்து விரலால் விளக்கத் தொடங்கிவிட்டார். கேள்வி கேட்பது அவருக்கு வேலையின் ஒரு பகுதி என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

அவர் வாங்க நினைத்தது ஒரு செயற்கைக் கால், எங்கள் தேத்தண்ணி ராத்தாவுக்கு. அக்காவை எங்கள் வீடுகளில் ராத்தா என்போம். இவர் சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச் சாலையில் இருபது வருடத்துக்குமேல் தேத்தண்ணி ஊற்றியவர். டொக்டருக்கு அரைக் கரண்டி, எக்ஸ்ரே ஐயாவுக்கு மூன்று, எனக்கு ஒன்றரை என்று எல்லாருடைய சீனியும் அவருக்கு மனப்பாடம். தன் இரத்தத்தில் ஏறிய சீனியை மட்டும் அவர் கவனிக்கவில்லை. பாதத்தில் ஒரு சின்னப் புண்ணாகத் தொடங்கியது, முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகப் போய்விட்டது. வீட்டோடு இருந்தார். பார்க்கப் போனவர்கள் கையில் மடித்துக் கொடுத்த காசை, அவர்கள் செருப்பு மாட்டும்போதே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் போனபின் சிற்றுண்டிச் சாலையும் மாறிப்போயிற்று. அது தமிழர், முஸ்லிம்கள் என்ற இரண்டு சமூகத்துக்கும் இடையில் கசப்பு ஏறியிருந்த காலம். வெளியே நடந்தது உள்ளேயும் வந்தது. அவர்கள் ஒரு மேசை, நாங்கள் ஒரு மேசை. யாரும் சண்டை பிடிக்கவில்லை. பிரசவ வார்டில் ஒரே தட்டிலிருந்து கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொள்ளும் கைகள், தேத்தண்ணி நேரத்தில் வெவ்வேறு பக்கம் போயின, அவ்வளவுதான். ராத்தா இருந்திருந்தால் இரண்டு மேசைக்கும் நடுவில் நின்று ஏதாவது ஏசியிருப்பார்.

பெரிய மிஸி பயிற்சிக்காக வெளிநாடு போயிருந்தபோது அங்கே தாதியர் தர்மத்துக்குப் பணம் சேர்க்க ஒரு விளையாட்டு நடத்தினார்களாம். ஆளுக்கு ஒரு தொகை போட்டு ஆடுவார்கள். பன்னிரண்டு பேர், மூன்று மேசை, மேசைக்கு நாலு பேர், மூன்று பகடை. மணி அடித்ததும் வென்ற இருவர் எழுந்து அடுத்த மேசைக்குப் போகவேண்டும். இப்படியே சுற்றச் சுற்ற, விளையாட்டு முடியுமுன் எல்லாரும் எல்லாரோடும் முழங்கை இடிபட உட்கார்ந்துவிடுவார்கள். "ஆறு பேர் எங்கட பக்கம், ஆறு பேர் உங்கட பக்கம். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபட, என்ட வீட்டில," என்றார். நான் தயங்கினேன். "மிஸி, எங்கட ஆக்களுக்குப் பகடை ஆகாது."

"ஏன்?"

அவர் குரலில் கோபமோ ஏமாற்றமோ இல்லை. மெய்யாகவே அறிய விரும்பினார். அதுதான் எனக்குச் சங்கடம். சிறு வயதிலிருந்தே கூடாது என்று தெரியும், ஏன் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. அதைச் சொன்னேன். "அப்ப கேப்பம் வாங்க," என்றார்.

மறுநாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் தெரு மௌலவியின் வீட்டு விறாந்தையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மிஸி சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டிருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. மௌலவி நிதானமாகப் பதில் சொன்னார். காசு வைத்து ஆடினால் அது சூது, அதில் பேச்சே இல்லை. காசு வைக்காவிட்டாலும் பகடை உருட்டுவதை அறிஞர்களில் பெரும்பாலோர் தடுத்திருக்கிறார்கள். மிஸி விடவில்லை. ஏன் தடுத்தார்கள், உழைக்காமல் வருவதாலா, அதிலே மனம் கட்டுப்பட்டுப் போவதாலா என்றெல்லாம் கேட்டார். மௌலவி உள்ளே போய் இரண்டு கிதாபுகளை எடுத்துவந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்து வாசித்துச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சியைக் கண்டேன். கூடுமா கூடாதா என்று கேட்டு வருகிறவர்கள்தான் அவருக்குப் பழக்கம்போலும். கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "மிஸி, உங்கட விளையாட்டில எது முக்கியம்? காய் உருளுறதா, ஆக்கள் மேச மாறுறதா?"

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். கல்முனைச் சந்தியில் கச்சான் கடலை வறுக்கும் வாசனை வந்ததும் மிஸி ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். தோல் நீக்கிய கச்சான் ஒரு பை வாங்கி, கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, என் மடியில் கொட்டினார். "பதின்மூண்டு அள்ள நினைச்சன். எத்தின இருக்கு பாருங்க." பதினேழு இருந்தது. நான் அள்ளினேன். ஒன்பது. தினமும் ஆயிரக்கணக்கில் மாத்திரை எண்ணுகிற கை, ஒன்பது! அந்த ஓட்டோவுக்குள் நாங்கள் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். பகடைக்குப் பதில், சொன்ன எண்ணுக்குச் சரியாகக் கச்சான் அள்ளுவதுதான் விளையாட்டு என்று முடிவாயிற்று. இதில் உருட்டுவது ஒன்றும் இல்லை, கையின் கெட்டித்தனம் மட்டும்தான். மௌலவியிடம் தொலைபேசியில் சொன்னோம். "தர்மத்துக்குக் குடுக்கிறதத் தர்மமாக் குடுங்க, பந்தயமா வைக்க வேணாம். கச்சான எத்தினயும் அள்ளுங்க," என்றார்.

அந்த ஞாயிறு பொழுதுபட, மஃரிபு தொழுதுவிட்டு நாங்கள் ஐந்து பேர் வேனில் பாண்டிருப்புக்குப் போனோம். ஆறாவது பெண்ணுக்கு வீட்டில் விருப்பமில்லை, கடைசி நேரத்தில் வரவில்லை. மிஸியின் வீட்டு மண்டபத்தில் மூன்று மேசை, மேசைக்கு ஒரு கோப்பைக் கச்சான். வாசலருகே ஒரு மூடிய பெட்டி. அவரவர் கொண்டுவந்த உறையை அதற்குள் போட்டோம், யார் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதன்பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அவர்கள் ஆறு பேரும் யன்னல் பக்கம், நாங்கள் ஐவரும் கதவுப் பக்கம். பன்னிரண்டாவது ஆள் உட்காரவேண்டிய கதிரை காலியாக இருந்தது. பதினொரு பேரோடு எப்படி மேசை மாறுவது என்று மிஸி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது வெளியே ஓட்டோ வந்து நின்றது.

இரண்டு ஊன்றுகோல்களோடு ராத்தா வாசலில் நின்றார். எப்படி அறிந்தாரோ, ஆஸ்பத்திரிச் செய்தி எது அவருக்குத் தெரியாமல் இருந்தது! முகம் சிவந்திருந்தது. "என்ட காலச் சொல்லியா நீங்க எல்லாரும் கூடி விளையாடுறீங்க? நான் உங்கக்கிட்டக் கேட்டனா?"

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல் இருந்தது. மிஸி மட்டும் அவரை நேரே பார்த்தார். "ஓம் ராத்தா, கேக்காமத்தான் செஞ்ச. பிழைதான். ஏசுங்க. ஆனா ஒரு ஆள் குறையுது. இருந்து ஏசுங்களன்."

ராத்தா எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். பிறகு கோப்பைகளைப் பார்த்தார். "என்ன விளையாட்டு இது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்ததும் மிஸியின் முகம் இளகியதை நான் கண்டேன்.

ராத்தாவால் எழுந்து மேசை மாற முடியாது. ஆகவே அவர் நடு மேசையில் இருந்த இடத்திலேயே இருக்க, மற்றவர்கள் எல்லாரும் மாறி மாறி அவரிடம் வந்தோம். மிஸி மணியடித்து எண் சொன்னார். ஏழு. ராத்தா கோப்பையைப் பார்க்காமலே கையை விட்டார். எண்ணிப் பார்த்தால் ஏழு. பதின்மூன்று என்றார், பதின்மூன்று. இருபத்தொன்றுக்கு மட்டும் ஒன்று கூடிவிட்டது. தேயிலையையும் சீனியையும் இருபது வருடம் கையால் நிதானித்தவர் அல்லவா! மூன்றாவது மணிக்குப் பிறகு யார் எந்தப் பக்கத்து ஆள் என்பது எங்களுக்கே நினைவில்லை. பதினொரு பேரும் ஒரே பக்கமாக நின்று ராத்தாவைத் தோற்கடிக்கப் பார்த்தோம். முடியவில்லை. எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்த தமிழ்ப் பெண், ஆறு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை கதைக்காதவர், "கைய இப்படி வளைக்காதீங்க, அங்க பாருங்க அவ பிடிக்கிறத," என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினார்.

முடிந்ததும் ராத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் வெண்டுட்டன். அப்ப இந்தக் காலு தர்மம் இல்ல. வெண்டெடுத்தது." சொன்ன கையோடு அவருக்கே யோசனை வந்துவிட்டது. "அல்லா, அப்படியெண்டா இது சூதாகிடுமே?" யாரும் சிரிக்கவில்லை. இஷா தொழுகைக்கு முன் மௌலவியைப் பிடித்துவிட வேண்டுமென்று மிஸி அவசரமாகத் தொலைபேசியை எடுத்து எல்லாரும் கேட்கும்படி வைத்தார். மௌலவி முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "ராத்தா, அந்தக் காசு உங்களுக்கெண்டு நினைச்சுப் பெட்டிக்குள்ள போட்டது. நீங்க வெண்டாலும் உங்கட, தோத்தாலும் உங்கட. வெல்ல வேண்டிய தேவை உங்களுக்கு இருக்கல்ல."

ராத்தா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு, "அப்ப நான் வெண்டதுக்கு என்ன தருவீங்க?" என்று கேட்டார். மூன்று கோப்பைக் கச்சானையும் ஒரு பையில் கட்டிக் கொடுத்தோம். அதை ஒருவருக்கும் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பெட்டியில் இருந்ததோடு டொக்டர்மாரும் சேர்த்துக் கொடுத்ததில் கால் வந்தது. பெரிய மிஸி இப்போது ஓய்வுபெற்று, திருகோணமலையில் மகளோடு இருக்கிறார். ஊர்களுக்கு இடையிலான கசப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில மாதம் குறைகிறது, ஒரு செய்தி வந்தால் கூடுகிறது. அந்தப் பன்னிரண்டு பேரில் இருவர் மறுபடியும் தனி மேசைக்கே போனார்கள். எக்ஸ்ரேப் பெண்ணும் நானும் போகவில்லை. ஒரு மாலைப் பொழுதால் எவ்வளவு முடியும் என்று இன்றைக்கும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கேட்கும் பழக்கம் எனக்கு யாரிடமிருந்து ஒட்டியது என்று சொல்லத் தேவையில்லை.

ராத்தா வேலைக்குத் திரும்பி வந்த காலையை நான் மருந்தக யன்னலால் பார்த்தேன். வாசலில் ஓட்டோவால் இறங்கி, கைகொடுக்க வந்த எல்லாரையும் விலக்கிவிட்டு, சிற்றுண்டிச் சாலைவரை தனியே நடந்தார். மெதுவாக, ஒரு பக்கம் சரிந்து சரிந்து. பெரிய மிஸி இரண்டு கைகளையும் பாதி நீட்டியபடி, தொடாமல், அவர் பின்னாலேயே ஒவ்வொரு எட்டாக வைத்துப் போனார். பாதி வழியில் மிஸியால் பொறுக்க முடியவில்லை.

"எப்படி இருக்கு ராத்தா? நிலம் தெரியுதா?"

"நிலம் தெரியல்ல மிஸி," என்றார் ராத்தா திரும்பாமலே. "நீங்க பின்னால வாறது தெரியுது. கொஞ்சம் தள்ளி வாங்க."