யோகன் அண்ணையின்ர படகுக்கு சூப்பர்சார்ஜர் பூட்டின கதை

வேகப்படகு வைச்சிருக்கிற ஆக்களைப்போல நல்ல மனிசரைக் காணேலாது, படகு ஓடுற மட்டும். நிண்டுதோ, முதல் ஃபோன் எனக்குத்தான். காரோ, ஃபிறிட்ஜோ, கொம்பியூட்டரோ, எதையாவது திருத்திச் சீவிக்கிற சனமே, நான் சொல்லப்போறது உங்களுக்குப் புதுசில்லை.

நான் டென்மார்க்கில, வைலே துறைமுகத்தில ஒரு படகுப் பட்டறையில மெக்கானிக். எங்களிட்ட வாற ஆக்களுக்கு எவ்வளவு பெரிய இன்ஜினும் காணாது, மேல சூப்பர்சார்ஜரும் வேணும். அது வேறையொண்டுமில்லை, காத்தை அமத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற ஒரு ஊதி. இன்ஜினில இருந்து போற ஒரு பெல்ட் அதைச் சுத்தும். சரியாய்ப் பூட்டினால் படகு பறக்கும். பிழைச்சால் நத்தை மாதிரி ஊர்ந்து கரைக்கு வரும்.

நான்தான் அது

விபோர்க்கில இருந்து யோகன் அண்ணை எண்டு ஒராள் ஃபோன் எடுத்தவர். யன்னல் செய்யிற ஃபாக்டரியில வேலை. மச்சானோட கூட்டாய் ஒரு பழைய வேகப்படகு வாங்கிப்போட்டார், அதுக்கு சூப்பர்சார்ஜர் பூட்டவேணுமாம். "தமிழ் மெக்கானிக் ஒராள் இருக்கிறாராம், அவரைக் கூப்பிடுங்கோ தங்கச்சி" எண்டார்.

"நான்தான் அண்ணை அது" எண்டன். பிறகு என்னென்ன மாத்தவேணும், எந்தப் பம்ப் காணாது, ஏன் எண்ணெய் சூடாகும் எண்டு எல்லாம் வடிவாய் விளங்கப்படுத்தினன். ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்த மனிசன் கடைசியில சொன்னார்: "நல்லது தங்கச்சி. அவர் வந்தாப்போல இதை அப்பிடியே அவருக்குச் சொல்லிவிடுங்கோ."

பல் டொக்டர்

எங்கட பழைய வாடிக்கையாளர் ஒராள் பல் டொக்டர், டெனிஷ்காரர். சூப்பர்சார்ஜர் பூட்டின இன்ஜினுக்கு நல்ல பெற்றோல்தான் அடிக்கவேணும், மலிவானதை அடிச்சால் உள்ளுக்குள்ள டக்கு டக்கெண்டு அடிச்சு இன்ஜின் நாசமாய்ப் போகும் எண்டு தலைதலையாய் அடிச்சுச் சொன்னனான். மனிசன் ஒரு மாதத்தில அதே டக்கு டக்கோட வந்து நிக்குது. எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. "எத்தினை தரம் சொன்னனான்!" எண்டு ஏசிப்போட்டன்.

அவர் கொஞ்சமும் கோவிக்கேல்லை. சிரிச்சுக்கொண்டு சொன்னார்: "நானும் எல்லாருக்கும் இனிப்புச் சாப்பிடாதேங்கோ எண்டுதான் சொல்லுறன். ஆர் கேக்கினம்?"

முழங்கால்

என்ர முதலாளி பிளெமிங்குக்கு முழங்கால் தேய்ஞ்சுபோச்சு. படகுக்குள்ள குந்தியிருந்து இன்ஜின் கழட்ட ஏலாது. அதுவரைக்கும் சூப்பர்சார்ஜர் வேலை எல்லாம் அவர்தான், நான் பக்கத்தில நிண்டு நட்டுக் கழட்டுற சாவி எடுத்துக் குடுக்கிறதும் பெல்ட் பூட்டுறதும். எனக்கோ அந்த வேலையில சரியான விருப்பம். அது கிடைக்காட்டி சாகுமட்டும் எண்ணெய் மாத்திறதும், மாரிக் குளிருக்குப் படகுகளுக்குப் பிளாஸ்ரிக் சுத்திறதும்தான். நினைச்சாலே அழுகை வரும்.

யோகன் அண்ணையின்ர படகை முழுக்க முழுக்க நானே செய்யட்டோ எண்டு கேட்டன். பிளெமிங் முழங்காலைத் தடவிப் பாத்தார். பிறகு சொன்னார்: "செய். இது ஒழுங்காய் ஓடினால் இனி இந்த வேலை எல்லாம் உன்ர. ஓடாட்டி ஓல்போர்க்கில ஒரு பட்டறை இருக்கு, இந்த வேலையளை அங்கை அனுப்பிவிடுவன்."

கற்பூரம்

வேலை முடிஞ்சு படகை இறக்கிற நாள். யோகன் அண்ணை, மனுசி, மச்சான், எல்லாரும் பட்டுவேட்டி, சேலையோட துறைமுகத்தில. ட்ரெய்லர் சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைச்சு நசிச்சினம். சரி, அது சில்லு. தேங்காய் உடைச்சினம். சரி, அது நிலம். பிறகு பாத்தால் அண்ணையின்ர மனுசி கற்பூரத்தட்டோட பெற்றோல் தாங்கிப் பக்கம் போறா! ஐயோ எண்டு கத்தின கத்தில கடற்பறவை எல்லாம் எழும்பிப் பறந்துது. கற்பூரத்தைக் கார் நிக்கிற இடத்தில கொளுத்தி, தூரத்தில நிண்டே படகுக்குக் காட்டவைச்சன். "சாமி எல்லாம் வைச்சுக்கொள்ளுங்கோ, ஆனால் இன்ஜின் பக்கம் ஒண்டும் வரப்படாது" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னன்.

பிளெமிங் கையைக் கட்டிக்கொண்டு எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிண்டவர். என்ர காதுக்குள்ள கேட்டார்: "இதெல்லாம் வாரண்டிக்குள்ள வருமோ?"

கரையில சுகம்

படகு அழகாய்த்தான் புறப்பட்டுது. ஆனால் பாலத்தைத் தாண்டி வேகம் எடுக்க, சூப்பர்சார்ஜர் அப்பிடியே சோர்ந்துபோச்சு. ஊர்ந்து வந்து சேந்தவை. அடுத்த நாள் யோகன் அண்ணை படகைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார், இன்ஜின் சூடாகாமல் இருக்கத் தண்ணிக்குழாய் பூட்டி ஓடவிட்டன். சிங்கம் மாதிரி உறுமுது! பெல்ட்டில மட்டும் ஏதோ ஈரம் காஞ்ச அடையாளம். பெல்ட்டை மாத்திக் குடுத்தன். திரும்பவும் அதே கதை. பெற்றோல் பம்பைப் பாத்தன், பிளக்குகளை மாத்தினன், சூப்பர்சார்ஜரையே கழட்டிப் பூட்டினன். கரையில ஒரு குறையுமில்லை, கடலுக்குப் போனால் சோர்வு. எனக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கேல்லை.

யோகன் அண்ணை என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டார். "நீங்கள் யோசிக்காதேங்கோ தங்கச்சி. இது இன்ஜின் குறையில்லை, பொறாமையில பாக்கிற சனத்தின்ர கண்ணூறு. அதுக்கு நான் ஒரு வழி பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

ஊறுகாய்

கடைசியில, நாங்களும் கூட வாறம் எண்டு நானும் பிளெமிங்கும் படகில ஏறினம். இதுக்கும் சரிவராட்டி ஓல்போர்க்குக்கு ஃபோன் எடுக்கிறதெண்டு பிளெமிங் ஃபோனைக் கையிலயே வைச்சிருந்தார். பாலம் தாண்டி வேகம் எடுத்தம். சோர்ந்துது. உடனை நிப்பாட்டி இன்ஜின் மூடியைத் திறந்தன். குப்பெண்டு ஊறுகாய் மணம்! முதல் நான் என்ர சாப்பாட்டுப் பெட்டிதான் ஊத்துண்டு போச்சாக்கும் எண்டு நினைச்சன். பிளெமிங் எட்டிப்பாத்து, பெல்ட்டில இருந்த ஈரத்தை விரலால தொட்டு மணந்தார். பிறகு அதே விரலால கண்ணைக் கசக்கினார். அவர் போட்ட சத்தம் விபோர்க்குக்குக் கேட்டிருக்கும்.

மூடிக்கு உள்பக்கம் கயித்தில தேசிக்காயும் பச்சை மிளகாயும், சும்மா ஒண்டு ரெண்டில்லை, மாலை மாதிரி. அலையில படகு துள்ள, அது ஆடி ஆடிப் பெல்ட்டில பட்டு அரைஞ்சு, பெல்ட் வழுக்கி, சூப்பர்சார்ஜர் சுத்தாமல் நிக்குது. பட்டறைக்கு வரேக்கை நான் ஏசுவன் எண்டு யோகன் அண்ணை கழட்டிப்போடுவார், கடலுக்குப் போகேக்கை கட்டுவார். ஒவ்வொரு தரமும் படகு சோர, கண்ணூறு கூடிப்போச்செண்டு இன்னும் ரெண்டு தேசிக்காய் சேர்ப்பார்!

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டாய் வந்திட்டுது. பெல்ட்டைக் கழுவித் துடைச்சு, மாலையைக் கையில பிடிச்சுக்கொண்டு, "இப்ப வேகம் எடுங்கோ" எண்டன். அம்மா! படகு தண்ணியில படாமல் போச்சுது. பிளெமிங் ஒரு கண்ணால கடலைப் பாத்துக்கொண்டும் மற்றக் கண்ணை ஈரத்துணியால பொத்திக்கொண்டும் இருந்தார். கரைக்கு வந்தாப்பிறகு, ஃபோனைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுப்போட்டுச் சொன்னார்: "ஓல்போர்க்கில இருக்கிறவைக்கு இது கடைசிவரைக்கும் பிடிபட்டிருக்காது. சூப்பர்சார்ஜர் சாவிப்பெட்டியை நாளைக்கு உன்ர மேசைக்கு மாத்து."

நான் கண்ணைத் துடைக்கப்போனன், மிளகாய்க் கை எண்டு ஞாபகம் வந்து நிப்பாட்டினன். பக்கத்தில யோகன் அண்ணை நசிஞ்ச தேசிக்காயை மரியாதையாய்ப் பாத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தியளோ தங்கச்சி! இதைக் கட்டாட்டி அவ்வளவு கண்ணூறும் இன்ஜினுக்கல்லோ போயிருக்கும்!"

திரும்பவும் பல் டொக்டர்

கதை துறைமுகம் முழுக்கப் பரவிப்போச்சு. அடுத்த கிழமை பல் டொக்டர் வந்தார், கையில ஒரு பை நிறையத் தேசிக்காய். யோகன் அண்ணை அவரோட ஒரு மணித்தியாலம் கதைச்சவராம். இன்ஜினில எங்கை கட்டுறது எண்டு கேட்டார். இன்ஜினில கட்டேலாது, வேணுமெண்டால் படகின்ர முன்பக்கம் கட்டுங்கோ எண்டன். மனிசன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கட்டினால் மலிவுப் பெற்றோல் அடிக்கலாமோ?"

இன்ஜின் திருத்திறது பெரிய வேலையில்லை. அதைக் காப்பாத்தவெண்டு வாற ஆக்களிட்ட இருந்து அதைக் காப்பாத்திறதுதான் என்ர தொழில்.