அக்கா செய்த டப்பா

என் அக்கா தையல் ஆலையில் மிஷின் மெக்கானிக். யாருக்கும் தலையாட்டுகிற ரகம் இல்லை. அங்கே தைக்கிற நாங்கள் விரல் மரத்துப்போனாலும் வாயைத் திறக்க மாட்டோம். திறந்தால் வேலை போய்விடும். கம்பெனி டாக்டர் வரும் நாளில் கையை நன்றாக உதறிக்கொண்டு வரிசையில் நிற்போம். அவரும் எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுப் போவார்.

இந்தக் கூத்தைப் பொறுக்க முடியாமல்தான் அக்கா, பழைய செல்போனில் அதிரும் மோட்டாரைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவுக்குள் பொருத்தினாள். மூடியில் ஒரு பொத்தான். அதன்மேல் விரலை வைத்தால் போதும், ஊசியும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். பக்கத்துத் திருகைத் திருப்பத் திருப்ப அதிர்வு கூடும். நிறையக் கூட்டிய பிறகே தெரிந்தால் நரம்பு கெட்டுவருகிறது, கடைசி வரை தெரியாவிட்டால் கெட்டேவிட்டது என்று அர்த்தம். முதலில் வைத்தவள் நான்தான். பாதித் திருகு வரை ஒன்றுமே தெரியவில்லை.

மேனேஜர் மோப்பம் பிடித்து அக்காவிடம் வந்துவிட்டார்.

"நல்ல பொருள்மா. யார் யாருக்குக் கை போச்சுன்னு ஆபீஸ்ல வந்து சொல்லிடு. அவங்களை வேலையை விட்டு அனுப்பிடலாம்."

"முதல்ல நீங்க வச்சுப் பாருங்க சார்."

அவர் வருஷக்கணக்கில், கிடுகிடுவென்று அதிரும் துணி வெட்டும் மிஷினை வலது கையால் பிடித்து ஓட்டி, மேலே வந்தவர். வலது விரலை வைத்தார். அக்கா திருகைக் கடைசி வரை திருப்பினாள்.

"என்னம்மா, இன்னும் ஆன் பண்ணலையா?"

"இடது விரலை வைங்க."

வைத்தார். தேள் கொட்டியதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆபீஸ்ல முதல் பேரா உங்க பேரைச் சொல்லட்டுமா சார்?"