பதினேழாம் எண்ணின் இரண்டு முழங்கால்கள்

என் அக்காவைக் கட்டியவருக்கு இரண்டு முழங்கால்களும் சொந்தம் இல்லை. இரண்டும் ஆஸ்பத்திரியில் வைத்தவை. அதிலும் ஒரு காலில் ஒரு வகை மூட்டு, இன்னொரு காலில் வேறு வகை. எதில் எது என்று அவருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது, அவரைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் அலைந்த எனக்கும் தெரியாது. அறுவை செய்த டாக்டர் அதை ஒரு தாளில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டிப் பூட்டி வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஒரு வகை மூட்டில் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் துண்டு அசையாமல் நிற்கும். இன்னொரு வகையில் அது லேசாகத் திரும்பிக் கொடுக்கும். எது நல்லது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆராய்ந்து பார்க்கிறார்கள். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன நாற்பது பேரைப் பிடித்து, ஆளுக்கு இந்தக் காலில் ஒன்று அந்தக் காலில் ஒன்று வைத்துவிட்டார்கள். ஒரே ஆள், ஒரே எடை, ஒரே படிக்கட்டு. அப்படிப் பார்த்தால்தான் நியாயமான ஒப்பீடு என்றார்கள். என் மாமா அதில் பதினேழாம் எண்.

"உங்களை என்ன ஆளுன்னு நெனச்சாங்களா, எலின்னு நெனச்சாங்களா?" என்று அக்கா குதித்தாள். மாமாவுக்கோ பெருமை தாங்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரைக் கேள்வி கேட்பார்கள், ஒருமுறை நேரில், அடுத்த முறை போனில். படி இறங்கும்போது எப்படி? நாற்காலியிலிருந்து எழும்போது எப்படி? படுக்கையில் புரளும்போது வலிக்கிறதா? நடக்கும்போது மூட்டு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிறதா? ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாகப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். போன் வரும் நாளில் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"என்னை யாரு மாப்ள இப்படி உக்கார வச்சு ஒண்ணொண்ணா கேட்டாங்க?" என்பார்.

"நான் தினம் கேக்கறேனே, சாப்பிட வரீங்களா இல்லையான்னு" என்பாள் அக்கா.

மாமாவின் வேலை செருப்புக் கடையில். முப்பத்தாறு வருஷமாக ஒரே கடை, ஒரே வேலை: வந்தவர் காலுக்குச் செருப்போ ஷூவோ போட்டுப் பார்ப்பது. வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, இடதை நிமிர்த்தி, வந்தவரின் குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக்கொள்வார். கட்டை விரலால் ஷூவின் முனையை அழுத்திப் பார்ப்பார். அந்த ஒரு அழுத்தத்திலேயே அரை சைஸ் கூடவா குறைவா என்று தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை குனிந்து நிமிர்ந்தால் கல் தரையில் முழங்கால் என்ன ஆகும்? ஆனதுதான் ஆயிற்று.

அறுவை முடிந்து வேலைக்குத் திரும்பியபோது முதலாளி ஒரு சின்ன ஸ்டூல் வாங்கி வைத்திருந்தார். நல்ல மனுஷன், குறை சொல்லக்கூடாது. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்தால் மாமாவின் கை வந்தவர் கால்விரல்வரை எட்டாது. நடுவில் தொந்தி. குழந்தைகள் வந்தால் இன்னும் மோசம், அவர்கள் உட்காரும் பெஞ்சு அவ்வளவு தாழ்வு. பல மாதம் பார்த்துவிட்டு முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள உங்களால முட்டி போட முடிஞ்சா சரி. இல்லேன்னா மாடியில சரக்கு அறையைப் பாத்துக்குங்க. ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு." மாமா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மாடி அறையில் பெட்டிகள்தான் இருக்கின்றன, கால்கள் இல்லை. அவருக்கு அது ஓய்வு இல்லை, தண்டனை.

ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்டு எழுதுகிற பிசியோ மேடத்திடம் முட்டி போட வழி கேட்டார். அந்தப் பெண் கோப்பில் நேரில் எழுதிய பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வலதுலதான் வலி. இடது நல்லா இருக்கு. முட்டி போடணும்னா இடதைக் கீழ வச்சுப் பழகுங்க, வலதை இப்போதைக்கு ஊன்ற வேண்டாம்" என்றாள். ஒரு வருஷத்துக்கு முன்பே வலது காலுக்குத் தனிப் பயிற்சியும் எழுதிக் கொடுத்திருந்தாள். காலையில் முப்பது, மாலையில் முப்பது. மாமா ஒரு நாள் தவறாமல் செய்துகொண்டிருந்தார்.

சொன்னபடி இடதை ஊன்றப் பழகினார். தலையணைமேல் வைத்தார், மடித்த போர்வைமேல் வைத்தார். ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கிப்போய் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. "வயசாயிடுச்சு மாப்ள, நான் மாடிக்கே போறேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார். அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரம் எனக்கு ஷூ வாங்கக் கடைக்குப் போனேன். லிஃப்ட் ரிப்பேர் வேலையில் ஷூ ஆறு மாதம்கூடத் தாங்காது. மாமா ஸ்டூலில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இடது காலைக் கொடு மாப்ள."

நான் நீட்டினேன். என் இடது கால் அவருடைய வலது கைப் பக்கம் இருந்தது. அதைப் பார்க்காமலேயே சரியாகப் பிடித்தார். முப்பத்தாறு வருஷப் பழக்கம். ஏதோ பேச வேண்டுமே என்று கேட்டேன்:

"எந்தக் கால் மாமா இப்ப வலிக்குது?"

"வலதுதான்" என்றார். சொல்லிக்கொண்டே கையால் இடது முழங்காலைத் தேய்த்தார்.

"மாமா, நீங்க தேய்க்கறது எந்தக் கால்?"

குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் கால்களைப் பார்த்தார். திரும்பவும் குனிந்தார். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்துவிட்டால் போதும், அவருக்கு அந்த ஆளுடைய வலதுதான் வலது, அந்த ஆளுடைய இடதுதான் இடது. தன் காலைப் பற்றிக் கேட்டாலும் எதிராளியின் பக்கத்திலிருந்துதான் பதில் வரும். பிசியோ மேடம் எதிரே உட்கார்ந்து, தலை குனிந்து எழுதிக்கொண்டே கேட்டபோதெல்லாம் இதைத்தான் செய்திருக்கிறார். வீட்டில் தனியாகப் பழகும்போது மட்டும் அவருடைய இடது இடதாகவே இருந்திருக்கிறது.

"சரி, நல்ல காலுக்கு எதுக்குப் பயிற்சின்னாவது யோசிச்சீங்களா?"

"அது பலமா இருந்தா வலிக்கிற காலுக்குப் பாரம் கொறையும்னு சொல்றாங்களோன்னு நெனச்சேன். படிச்சவங்க எழுதிக் கொடுத்தது, ஏதோ காரணம் இருக்கும்ல."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "போனது போகட்டும். இப்பவே வலதை ஊன்றிப் பாருங்க, இங்கேயே" என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். ஊன்ற வேண்டாம் என்று சொன்னவர் ஊன்றலாம் என்று சொன்னால்தான் ஊன்றுவாராம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று அவரைக் குடைந்தது.

"அங்க என் வாயால சொன்னது எல்லாம் எழுதி இருக்கு மாப்ள. அதை வச்சு நாளைக்கு வேற யாருக்கோ எந்த மூட்டு வைக்கறதுன்னு முடிவு பண்ணுவாங்க. ஜோடி மாத்திப் பெட்டியில வச்சு அனுப்பினது தெரிஞ்சா, ஓடிப்போய் ஆளைக் கூப்பிடணுமா இல்லையா?"

"சொன்னா உங்க பேரையே எடுத்துட்டா?"

அவர் என் பழைய ஷூவைப் பெட்டியில் வைத்து மூடினார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. பயிற்சி அறையில் ஒரு எடைக் கருவி, ரெக்சின் போட்ட கட்டில், ஏறி இறங்கிப் பழக மூன்று மரப்படி. மாமா நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார், ஸ்கூல் பையன் குற்றம் ஒப்புக்கொள்வதுபோல. பிசியோ மேடம் கேட்டுவிட்டுக் கோப்பை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள்.

"போன்ல கேட்டப்ப எல்லாம் இடது வலிக்குதுன்னு சொல்லியிருக்கீங்க. நேர்ல வர்றப்ப வலதுன்னு. உங்க தாளை வச்சுக்கிட்டு நான் எத்தனை நாள் மண்டையை உடைச்சிருக்கேன் தெரியுமா? தொட்டுக் காட்டுங்கன்னு ஒரு தடவை கேட்டிருக்கணும். அது என் தப்பு."

"நேர்ல சொன்னதை மட்டும் மாத்திப் போட்டுட்டா சரியாயிடும்ல?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"எல்லாத் தடவையும் எதிர்லதான் உக்காந்தேனா, பக்கத்துல நின்னு எழுதினேனான்னு எனக்கே ஞாபகம் இல்லை சார். ஊகிச்சு எழுதக்கூடாது. அதுவும் இல்லாம, பயிற்சி முழுக்க நல்ல காலுக்குப் போயிருக்கு. அந்தக் கால் இவ்வளவு நல்லா இருக்கிறது உள்ள வச்ச மூட்டாலயா, ஒரு வருஷம் இவர் செஞ்ச பயிற்சியாலயான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

அவர் சொன்ன பதில்கள் இருந்த கட்டங்களை ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்தாள். "நான் அளந்தது இருக்கும். நீங்க சொன்னது மட்டும் சேராது" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்களுக்கு எப்படி மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"டாக்டர் கவரை வச்சுப் பாத்தவரைக்கும் சொன்னதுதான், இன்னும் முழுசாப் பாக்கல. நடக்கறது, படி ஏறறது எல்லாம் ரெண்டு வகையிலயும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு. ஆளாளுக்கு ஒரு கால் பிடிச்சிருக்கு. ஆனா எல்லாருக்கும் ஒரே வகை பிடிக்கல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க கவரைப் பிரிக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள்.

"வேண்டாம் மேடம். தெரிஞ்சா ஒரு கால்மேல ஓரவஞ்சனை வந்துடும்."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு மேஜையைச் சுற்றி வந்து, கட்டிலில் அவர் பக்கத்திலேயே, அவர் பார்க்கும் சுவரையே பார்த்து உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்க. கையை வச்சுச் சொல்லுங்க."

மாமா இடது முழங்கால்மேல் கை வைத்தார். "இது வலிக்குது மேடம். ஆரம்பத்திலேர்ந்தே வலிக்குது" என்றார். ஒன்றரை வருஷமாக வலித்த காலுக்கு அன்றுதான் கேள்வி போய்ச் சேர்ந்தது. நான் மரப்படிகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தக் காலை அவள் மடக்கினாள், நீட்டினாள், ஓரங்களை அழுத்திப் பார்த்தாள். அதற்குப் புதுப் பயிற்சி எழுதினாள், டாக்டரைப் பார்க்கச் சீட்டும் எழுதினாள். பிறகு வலதைப் பார்த்தாள். மடக்கி நீட்டி, தழும்பைத் தடவிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு தடித்த மெத்தையை எடுத்துத் தரையில் போட்டாள்.

"வலதை வைங்க. தழும்புகிட்ட மரத்த மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. மூட்டு ஒண்ணும் ஆகாது."

மாமா கட்டில் ஓரத்தைப் பிடித்தார். நான் கை கொடுக்கப் போனேன், தலையசைத்து வேண்டாம் என்றார். கட்டிலை விட்டுவிட்டு இறங்கினார். வலது முழங்கால் மெத்தையில் அமர்ந்தது, இடது தானாக நிமிர்ந்து நின்றது, முதுகு நேரானது. ஒன்றரை வருஷமாக நான் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த உயரத்தில் பார்க்கவில்லை.

"வலி?"

"இல்லை."

"போதும், எழுந்திருங்க. கடைக்கு ஒரு சீட்டு எழுதித் தரேன்."

"சீட்டு எழுதுங்க மேடம்" என்றார் மாமா. "அதுவரைக்கும் இப்படியே இருந்துக்கறேன்."

வாசலில் அடுத்த ஆள் கோலை ஊன்றிக் காத்திருந்தார். மேடம் அவரைப் பார்த்தாள், கீழே இருந்தவரைப் பார்த்தாள், பிறகு சீட்டை எடுத்து நிதானமாக எழுதத் தொடங்கினாள்.