சவூதி மெழுகு டப்பா

ஆறாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. இன்று பெரம்பலூரில் எனக்குச் சொந்தமாக மரப்பட்டறை இருக்கிறது. அரியலூரில் கட்டில், பீரோ கடை. ஆண்டிமடத்தில் முந்திரிக் காட்டை ஒட்டி நானே நின்று கட்டிய வீடு. எனக்காக எந்த ஆபீசிலும் ஒருவரும் பரிந்து பேசியதில்லை. இத்தனைக்கும் தொடக்கம் ஒரு மெழுகு டப்பா என்றால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. லெப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டின் வாசல் கதவுக்குப் பாலிஷ் போட மாமா போனார், நானும் தொற்றிக்கொண்டேன். அம்மாவின் தம்பியான அவர் கைபட்டால் வேம்பும் தேக்காகத் தெரியும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மூன்று நாளில் நிக்காஹ்.

பெண்ணின் தாயார் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு தட்டை டப்பாவை எடுத்து வந்தார்.

“இதத்தான் போடணும். எம்மவன் சவூதியிலேர்ந்து கொண்டாந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு அவனுக்கு லீவு கெடைக்கல. அவன் கொண்டாந்ததாச்சும் வாசல்ல இருக்கட்டும்.”

மாமா மூடியைத் திறந்தார். கோடையில் ஏரி வெடித்தது மாதிரி மெழுகு வெடித்துக் கிடந்தது. நகம் இறங்கவில்லை.

“அடிக்கடி தொறந்தீங்களாம்மா? மெழுகுல கலந்திருந்த டர்பன்டைன் பூரா காத்தோட போயிருச்சு.”

“மோந்துதாம்ப்பா பாத்தேன். வேற ஒண்ணும் பண்ணல” என்றார், திருடி அகப்பட்டவர்போல.

“கடையில வேற வாங்கியாரேன். மாப்ள வூட்டுக்காரவுங்களுக்கு வித்தியாசம் தெரியாது.”

“எனக்குத் தெரியும்ல?”

மாமாவுக்கு மெழுகுப் பாலிஷ் அவ்வளவாகப் பழக்கமில்லை. டர்பன்டைன் ஊற்றிப் பார்த்தார். பாறைமேல் மழைத்தண்ணீர்போல அது மேலேயே நின்றது. அவர் தலையைச் சொறிந்தபோதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“மார்கழியில அம்மா தேங்காண்ணெய வெந்நீர்ல வச்சு எளக்குமே, மாமா!”

“பாருடா! எனக்கே பாடமா?” என்று தலையில் குட்டினார். குட்டிய கையோடு வெந்நீர் கேட்டார். டர்பன்டைன் தீப்பிடிக்கும் என்று அடுப்பங்கரைக்கே போகாமல், பாத்திரத்தை முற்றத்துக்குக் கொண்டுவரச் செய்தார். மெழுகைக் கத்தியால் சீவிப்போட்டு, டப்பாவை வெந்நீரில் நிறுத்தி, டர்பன்டைனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கிண்டியவன் நான். கல் கூழானது, கூழ் தேனானது. ஆறியதும் வெண்ணெய் மாதிரி வழிக்க வந்தது.

மாமா பழந்துணியில் தொட்டு, மரத்தின் ரேகை போகிற போக்கிலேயே தேய்த்தார். காயவிட்டு மறுபடி தேய்த்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைபோலக் கதவு மினுங்கியது. அப்படி ஒரு வேலையை அதற்குப் பிறகு நானே செய்ததில்லை, மற்றவர்களைக் கேட்பானேன். அந்த அம்மா “மாஷா அல்லாஹ்” என்று கதவில் கையை வைத்தார், நெடுநேரம் எடுக்கவில்லை.

என் பங்குக்கு நானும் சுறுசுறுப்பைக் காட்டினேன். டப்பாவில் ஒட்டியிருந்ததை வழித்துக் கதவின் கீழ்மூலையில் தேய்த்தேன். டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கழுவி நீட்டினேன்.

அவர் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார்.

“எல்லாம் ஆயிருச்சா?”

“துளி மிச்சம் வைக்கலீங்க!” என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

என் கன்னத்தைத் தட்டி, கை நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்தார். காலி டப்பாவை மூடி அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தார். பஸ்ஸில் மாமா என்னோடு பேசவே இல்லை. யோசனை சொன்னது நான் என்பதால் அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கதவைச் சொல்கிறவர்கள் இன்றும் மாமாவின் கையைத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும், அது அப்படிப்பட்ட கை. ஆனால் கல்லை வெண்ணெயாக்கிய யோசனை என்னுடையது. அதை என் பேரில் எழுதுங்கள். டப்பாவைக் கழுவியவனும் நான்தான். அதையும் என் பேரிலேயே எழுதுங்கள்.